டாஃப்னியா சோதனை: டோஸ் கூட்டினாலும் இ.சி.50 ஒழுங்காக வரவில்லை (அவசரம்)

கலங்கிய குடுவை:
வணக்கம். டாஃப்னியா என்ற சின்ன நன்னீர் உயிரியை வைத்துச் செய்யும் 48 மணி நேர நச்சுச் சோதனை, மூன்றாவது தடவையும் சொதப்பிவிட்டது. இ.சி.50, அதாவது பாதிக் குஞ்சுகளை அசையாமல் ஆக்கும் செறிவு, கிடைக்கவில்லை. ஒவ்வொரு செறிவிலும் 20 குஞ்சுகள். அசையாமல் போனவை: லிட்டருக்கு 1.9 மி.கி.யில் 0, 4.3ல் 3, 9.4ல் 7, 21ல் 5, 45ல் 9, 100ல் 12. கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. போன தடவை எண்களே வேறு. பொருள் எதுவும் விடாத கன்ட்ரோலில் எல்லாம் நன்றாக நீந்துகின்றன. எங்கே தப்பு செய்கிறேன்? வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். ப்ளீஸ்.

நுண்நோக்கி:
என்ன வேதிப்பொருள்? பெயர் சொல்ல முடியாது என்றால் நீரில் எவ்வளவு கரையும் என்றாவது சொல்லுங்கள். ஸ்டாக் (நீர்க்கும் முன் வைக்கும் அடர்கரைசல்) எதில் போட்டீர்கள்? குஞ்சுகளின் வயது என்ன? தண்ணீரில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களா, இல்லை தராசில் நிறுத்ததை வைத்துச் சொல்கிறீர்களா?

தொட்டிக்காரன்:
எனக்கு வளர்ப்புத் தொட்டி மேல்தான் சந்தேகம். கூட்டம் அதிகமாகி, தாய்களின் முதுகில் கறுப்புச் சேணம் மாதிரி முட்டைக்கூடு தெரிகிறதா? அப்படியென்றால் அந்தத் தொட்டி ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. அதன் குஞ்சுகளை நம்பக் கூடாது. குஞ்சுகள் சரியாக இருக்கின்றனவா என்று பொட்டாசியம் டைகுரோமேட் வைத்துப் பாருங்கள், 24 மணி நேர இ.சி.50 லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மி.கி.க்குள் வர வேண்டும்.

ஈரக்கை:
கலன் பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக்காக இருந்தால் பாதி மருந்து சுவரில்தான் இருக்கும்.

பழைய பிப்பெட்:
தம்பி, இந்தச் சோதனைக்கான வழிகாட்டி ஓஇசிடி 202 மொத்தமே சில பக்கங்கள்தான். அதைப் படித்தாலே இந்தக் கேள்வி வந்திருக்காது. இப்போதெல்லாம் முதலில் குஞ்சுகளைக் கொன்றுவிட்டு அப்புறம்தான் படிக்கிறார்கள்.

கலங்கிய குடுவை:
தம்பி இல்லை சார், தங்கை. படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பொருளின் பெயர் சொல்ல அனுமதி இல்லை. கலன் கண்ணாடி. குஞ்சுகள் 24 மணி நேரத்துக்கு உட்பட்டவை, டைகுரோமேட் போன மாதம் 1.2 வந்தது. ஸ்டாக் அசிட்டோனில். ஒரே ஸ்டாக்கிலிருந்து வேண்டிய அளவு எடுத்துத் தண்ணீரில் விடுகிறேன். விட்டதும் லேசாகப் பால் மாதிரி ஆகும், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்.

நுண்நோக்கி:
"சரியாகிவிடும்" என்றால் அது எங்கே போனது அம்மா? அடியிலா, மேலேயா, சுவரிலா? கரைதிறன் எண்ணை இன்னும் சொல்லவில்லை.

பழைய பிப்பெட்:
இதோ மாட்டிக்கொண்டது. ஒரே ஸ்டாக்கிலிருந்து வெவ்வேறு அளவு. 100 மி.கி. பீக்கருக்குப் போன அசிட்டோன் 1.9 பீக்கரை விட ஐம்பது மடங்கு. குஞ்சுகளைக் கொன்றது அசிட்டோன்தான். கேஸ் முடிந்தது.

ஈரக்கை:
ஐயா, முறை தப்பு என்பது சரி, ஆனால் கொன்றது அசிட்டோன் இல்லை. டாஃப்னியாவுக்கு அசிட்டோன் உறைக்க லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மி.கி. வேண்டும். லிட்டருக்கு 1 மி.லி. விட்டால்கூட 790 மி.கி.தான் ஆகிறது.

பழைய பிப்பெட்:
அப்படியானால் லிட்டருக்கு 0.1 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டியில் எதற்குப் போட்டிருக்கிறார்கள், அழகுக்கா?

ஈரக்கை:
நேரடி நச்சு மட்டும்தான் காரணமா? கரைப்பான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. 48 மணி நேரத்தில் அவை பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும், முடிவில் லிட்டருக்கு 3 மி.கி.யாவது மிஞ்ச வேண்டும். அது போகப் பொருள் நிஜமாகக் கரைந்த மாதிரி ஒரு மயக்கத்தைக் கொடுக்கும். இங்கே நடந்தது இந்த மயக்கம்தான் என்று நினைக்கிறேன். எப்படியும் எல்லாப் பீக்கரிலும் கரைப்பான் ஒரே அளவாக இருக்க வேண்டும், கரைப்பான் மட்டும் விட்ட தனிக் கன்ட்ரோலும் வேண்டும். அது வைத்தீர்களா தங்கை?

சொல்லேர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் டாஃப்னியா, டாஃப்னியா என்கிறீர்களே, நீர்த்தெள்ளு என்று அழகான சொல் இருக்கிறதே. தமிழில் எழுதினால் என்ன?

தொட்டிக்காரன்:
தெள்ளு பூச்சி. ஆறு கால், நாய் மேல் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு, பாசியை வடிகட்டித் தின்னும். பேரில் தெள்ளு என்று வைத்ததால்தான் ஆளாளுக்கு "தண்ணீர்ப் பூச்சி" என்று எழுதுகிறார்கள். போன வாரம்கூட ஒருவர் "லார்வா" என்றார்.

சொல்லேர்:
தெள்ளு தத்தும், இதுவும் தண்ணீரில் தத்தித் தத்திப் போகும். சாயலை வைத்துப் பெயர் வைப்பதில் என்ன குற்றம்? கடற்குதிரை என்ன புல்லா மேய்கிறது?

தொட்டிக்காரன்:
தத்துவது காலால் இல்லை, உணர்கொம்பால். சரி, கடற்குதிரைக்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய பிப்பெட்:
இழை எங்கே போகிறது பாருங்கள்.

கலங்கிய குடுவை:
கரைப்பான் கன்ட்ரோல் வைக்கவில்லை, சாதாரணக் கன்ட்ரோல் மட்டும்தான். ஆக்சிஜன் எல்லாவற்றிலும் 7க்கு மேல். கரைதிறன் இப்போதுதான் தேடிப் பார்த்தேன்: லிட்டருக்கு 0.3 மி.கி. இன்னொன்று, முக்கியமா தெரியவில்லை: அசையாதவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு மிதந்தன. கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தன. அதையும் அசையாதவையாக எண்ணிவிட்டேன்.

நுண்நோக்கி:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்! 0.3 மி.கி. கரையும் பொருளை 1.9லிருந்து 100 வரை போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆறு பீக்கரிலும் கரைந்திருப்பது ஒரே அளவு, அந்த 0.3தான், அதுவும் முழுதாகக் கரைந்தால். மிச்சம் துகளும் படலமும். ஆறு செறிவு என்று நினைத்தது ஒரே செறிவு, கூடவே ஆறு விதமான அழுக்கு. கோடு ஏறி இறங்குவதில் ஆச்சரியமே இல்லை.

மிதப்பவற்றின் கதையும் அதுதான். அவற்றின் ஓடு நீரை ஒட்டாது. மேலே மெல்லிய படலம் இருந்தால் காற்றில் சிக்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். துகள் அதிகமானால் கொம்பு முடியிலும் வடிகட்டும் கால்களிலும் அப்பிக்கொள்ளும். நீங்கள் பார்த்தது நச்சு இல்லை, தடை. மெதுவாக ஆட்டிவிட்டு 15 விநாடியில் நீந்தாவிட்டால் அசையாதது என்று எண்ணுவதுதான் விதி, கொம்பு ஆடினாலும் சரி. அதனால் எண்ணியது தப்பில்லை. ஆனால் மேலே சிக்கியவை எத்தனை என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும்.

தொட்டிக்காரன்:
மட்டத்தில் சிக்குவதற்கு வளர்ப்புத் தொட்டியில் நான் சீட்டைல் ஆல்கஹால் துளி தூவுவேன், உடனே கீழே இறங்கிவிடும்.

நுண்நோக்கி:
வளர்ப்புத் தொட்டியில் சரி. சோதனைக் குடுவையில் இன்னொரு வேதிப்பொருளைச் சேர்க்கவே கூடாது.

கலங்கிய குடுவை:
அப்போது மூன்று தடவை செய்ததும் குப்பையா? கைடு இ.சி.50 எண் வேண்டும் என்கிறார். எண் இல்லாமல் எப்படிக் கொடுப்பது?

ஈரக்கை:
கரையாத செறிவில் வந்த இ.சி.50ஐக் கொடுத்தால்தான் ஆபத்து. தெரிந்தவர் யாராவது பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். அசிட்டோனை விட்டுவிடுங்கள். பொருளை அதிகமாகப் போட்டு, சுழி விழாத அளவுக்கு மெதுவாக, மூடிய குடுவையில் கலக்குங்கள். அவசரப்பட்டு வேகமாகச் சுழற்றினால் மறுபடி பால்தான். ஒரு நாளில் முடியாமல் போகலாம். தினம் கொஞ்சம் எடுத்து அளந்து, எண் ஏறாமல் நின்றதும் நிறுத்துங்கள். அப்புறம் மிதப்பதையும் படிவதையும் தொடாமல் நடுவிலிருந்து எடுங்கள். இருட்டில் லேசர் பேனா அடித்துப் பாருங்கள். குடுவைக்குள் கோடு தெரிந்தால் இன்னும் துகள் இருக்கிறது.

அந்த நிறைகரைசலில் 20 குஞ்சு, கன்ட்ரோலில் 20 குஞ்சு. ஒன்றும் ஆகவில்லை என்றால் "நீரில் கரையும் எல்லை வரை பாதிப்பு இல்லை" என்று எழுதலாம். அதுவும் முடிவுதான். அளந்த எண்ணைப் பக்கத்தில் போடுங்கள்.

பழைய பிப்பெட்:
0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினால் ஐந்து நிமிட வேலை. எதற்கு இவ்வளவு சுற்று?

ஈரக்கை:
இந்த மாதிரிப் பொருள் ஃபில்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். கீழே வருவது வெறும் தண்ணீர். வடிகட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் கொஞ்சம் கரைசலை ஃபில்டர் வழியே விட்டுக் கொட்டி, அதை நிறைய வைத்து, அப்புறம் சேகரிக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் பாதுகாப்பு.

பழைய பிப்பெட்:
பொருள் தண்ணீரை விட இலேசாக இருந்தால் சென்ட்ரிஃபியூஜில் மேலே வந்து நிற்கும். மேலிருந்து உறிஞ்சினால் அதைத்தான் உறிஞ்சுவீர்கள்.

ஈரக்கை:
அது நியாயம். ஒத்துக்கொள்கிறேன்.

நுண்நோக்கி:
இதையும் கைடிடம் சொல்லுங்கள்: கொழுப்பில் அதிகம் ஒட்டும் பொருள் உடம்புக்குள் ஏறவே நேரம் எடுக்கும், 48 மணி நேரம் போதாமல் போகலாம். குறுகிய காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 21 நாள் இனப்பெருக்கச் சோதனை தேவைப்படலாம், அது ஓஇசிடி 211. கரையாத பொருளுக்கென்றே தனி வழிகாட்டி ஆவணமும் இருக்கிறது, எண் 23, 2019ல் திருத்தியது. கைடு நம்பாவிட்டால் அதைக் காட்டுங்கள்.

(பன்னிரண்டு நாள் கழித்து)

கலங்கிய குடுவை:
எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை தவறிவிட்டது, திட்டு வாங்கினேன். மெதுவாகக் கலக்கி ஐந்தாம் நாள் எண் நின்றது. சோதனையின் தொடக்கத்தில் லிட்டருக்கு 0.24 மி.கி., முடிவில் 0.17. இருபதுக்கு இருபதும் நீந்தின, ஒன்றுகூட மேலே ஒட்டவில்லை. குறைவு 20 சதவீதத்தைத் தாண்டியதால் சராசரியாக 0.2 என்று எழுதியிருக்கிறேன். கைடு "இதை முதலிலேயே செய்திருக்கலாமே" என்றார்.

நுண்நோக்கி:
நல்லது! துகளை எப்படிப் பிரித்தீர்கள், ஃபில்டரா சென்ட்ரிஃபியூஜா? சுவரில் ஒட்டியதையும் அளந்தீர்களா?

பழைய பிப்பெட்:
ஃபில்டராகத்தான் இருக்கும்.

ஈரக்கை:
தங்கை, சொல்லிவிட்டுப் போங்கள்.

சொல்லேர்:
அறிக்கையில் நீர்த்தெள்ளு என்று எழுதினீர்களா?