அனுமதியற்ற கட்டிடம் என்று அறிவித்தல் வந்துள்ளது: சபைக்கு மனுக் கொடுத்தால் போதுமா?

உவர்மலைவாசி:
வணக்கம். வீட்டின் பின்புறம் எட்டடி நீட்டிக் கட்டிய குசினிக்கு அனுமதி இல்லையென்றும், ஏழு நாட்களுக்குள் அதை இடித்து அகற்ற வேண்டுமென்றும் கூறும் அறிவித்தலை எங்கள் படலையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள திகதி 3. ஒட்டியதோ 8ஆம் திகதி மாலை. பசை காயுமுன் மழை பிடித்ததால் கையொப்பம் கரைந்துவிட்டது. மறுநாளே எங்கள் உள்ளூராட்சி சபைக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன், 'பார்ப்போம்' என்றார்கள். பதில் வரும்வரை இடிக்க மாட்டார்கள் என்று நம்பலாமா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
நம்ப வேண்டாம், தம்பி. அறிவித்தல் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28அ பிரிவு என்றால், அந்த அதிகாரம் கையளிக்கப்பட்ட உள்ளூராட்சி அலுவலர் அதைப் பயன்படுத்துகிறார் என்று பொருள். அப்பிரிவின்படி கொடுக்கப்படும் அவகாசம் அறிவித்தலின் திகதியிலிருந்து ஏழு நாட்களுக்குக் குறையக்கூடாது. கடிதம் எழுதிய நாளுக்கும் உங்கள் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் ஐந்து நாட்கள் போய்விட்டன. ஆகவே படலையில் இருந்தபடியே அதைப் படம் எடுத்து, ஒட்டிய நாளை அறிந்த ஒருவரின் எழுத்தையும் வாங்கி வையுங்கள்.

ஆனாலும் சபை தன்னிச்சையாக வந்து இடித்துவிட முடியாது. நீதவானின் கட்டளை வேண்டும். நீதவான் உங்களுக்கு அறிவித்தல் அனுப்பித்தான் விசாரிப்பார் என்றாலும், அங்கே அனுமதி உண்டா இல்லையா என்பதே கேள்வி. 'அயலவரும் கட்டியிருக்கிறார்' என்ற வாதம் அங்கு எடுபடாது என்பதைப் பல வழக்குகளில் கண்டிருக்கிறேன். நீங்களே அகற்றுவதாக உறுதியளித்தால், கட்டளையை இரண்டு மாதத்துக்கு மேற்படாமல் ஒத்திவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

உவர்மலைவாசி:
28அ என்றே இருக்கிறது, ஐயா. கவரிங் அப்ரூவல், அதாவது கட்டிய பின் பெறும் அனுமதி, கேட்டுப் பார்க்கலாமா? குசினியை இடித்தால் அம்மா எங்கே சமைப்பார்?

வரைபடக்காரர்:
தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளை நினைத்து வரைபடம் தயாரிக்காதீர்கள். 2021 ஜூலையில் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. பின்புற எல்லைக்கும் சுவருக்கும் இடையில் விட வேண்டிய வெளியை நில அளவைப் படத்தை வைத்து அளந்து பாருங்கள். அது குறைந்தால், எவ்வளவு பணம் கட்டினாலும் அனுமதி கிடைப்பது கடினம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். உங்கள் கோப்பின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்; பதிலுக்கு 14 வேலை நாட்கள் வரை ஆகும் என்பதால் இன்றே கேளுங்கள். கட்டளை பிறந்துவிட்டால், மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு இடலாம். மனு இட்டதால் மட்டும் இடிப்பு நிற்காது. இடைக்காலத் தடையுத்தரவையும் கேட்க வேண்டும்.

உவர்மலைவாசி:
நாளைக் காலை சட்டத்தரணியைக் காண்கிறேன். அறிவித்தலை நனையாமல் உறையிலிட்டு வைத்திருக்கிறேன்.