உதவி தேவை: 'வைல்ட்கேட்', 'கம்பேனியன்' இரண்டுக்கும் தமிழில் என்ன போடுவது? (அவசரம்)

அந்திமல்லி, காலை 9.12

வணக்கம். ஒரு ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'வைல்ட்கேட்' வந்த இடத்தில் காட்டுப்பூனை என்றும், 'கம்பேனியன்' வந்த இடத்தில் துணைவன் என்றும் போட்டிருந்தேன். பதிப்பகத்தில் இரண்டையும் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று அகராதி புரட்டிவிட்டேன், மூன்றிலும் முதலில் இதே பொருள்தான் இருக்கிறது. வெருகு, தோழன் என்று மாற்றினால் சரியாகிவிடுமா? இன்று மாலை 6 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கானகத்தான், காலை 9.20

எந்த நாட்டுக் கதை? அது தெரியாமல் வைல்ட்கேட்டைத் தொடவே முடியாது. ஸ்காட்லாந்து என்றால் அது ஐரோப்பியக் காட்டுப்பூனை. வால் தடித்திருக்கும், கறுப்பு வளையங்கள் இருக்கும், நுனி மழுங்கியிருக்கும். அமெரிக்க நாட்டுப்புறத்தில் வைல்ட்கேட் என்றால் பெரும்பாலும் பாப்கேட். அது லின்க்ஸ் இனம். குட்டை வால், காது நுனியில் சின்ன மயிர்க்கொத்து. நம் கண்மாய்க்கரை நாணலுக்குள் திரிகிற காட்டுப்பூனை இந்த இரண்டும் இல்லை, அதற்கு ஆங்கிலத்தில் ஜங்கிள் கேட் என்று பெயர். முழு வாக்கியத்தையும் போடுங்கள் அக்கா.

கணக்குப்பிள்ளை, காலை 9.34

பூனையாகவே இருக்காது. அமெரிக்க நாவல் என்றால் எண்ணெய்க் கிணறுதான். இதுவரை எண்ணெய் கிடைத்திராத இடத்தில், கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று தோண்டும் சோதனைக் கிணற்றுக்கு வைல்ட்கேட் என்றுதான் பெயர். தோண்டுகிறவர் வைல்ட்கேட்டர். கிழக்கு டெக்சாஸில் டேட் ஜாய்னர் என்பவர் இரண்டு கிணறு தோண்டித் தோற்று, மூன்றாவதில் 1930 அக்டோபரில் எண்ணெய் கண்டார். பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் ஒன்றுமில்லை என்று கைவிட்ட நிலம் அது. 'கம்பேனியன்' என்பது 'கம்பெனி' என்பதன் எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம், ஒருமுறை பாருங்கள்.

ஊர்க்குருவி, காலை 9.41

வேலைநிறுத்தமாகவும் இருக்கலாமே. சங்கத் தலைமையின் ஒப்புதல் இல்லாமல் தொழிலாளர்கள் தாங்களாகவே திடீரென்று வேலையை நிறுத்தினால் அதுவும் வைல்ட்கேட்தான். கம்பேனியன் என்பது அங்கே தோழர் ஆகிவிடும், பொருத்தமாக இருக்கிறது.

சொல்லேர், காலை 10.02

இந்தக் குழுவில் பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன், யாரும் கேட்பதாக இல்லை. வாக்கியம் இல்லாமல் சொல்லுக்குப் பொருள் கேட்பது, முகவரி இல்லாமல் கடிதத்தைப் பெட்டியில் போடுவது மாதிரி. மொழிபெயர்க்க வருகிறவர்கள் முதலில் சொற்பிறப்பைப் படிக்க வேண்டும். கம்பேனியன் லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'கோம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றவன். கம்பெனியும் அதே வேர். காம்ரேட் என்பது ஸ்பானிய வழியில் வந்தது, ஒரே அறையில் தங்கியவன் என்று பொருள். ஃபெல்லோ பழைய நார்ஸ் மொழிச் சொல், தன் பொருளைக் கூட்டுக்குப் போட்டவன். இவற்றுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'நண்பன்' என்று போடுகிறவர்களை என்ன சொல்வது? அந்திமல்லி, இதற்குத் துணைவன் போட்டதும் அவசரத்தால் வந்ததுதான்.

ஊர்க்குருவி, காலை 10.09

அவர் மாலைக்குள் கேட்கிறார் ஐயா. வேர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அவருக்கு இப்போது கை கொடுக்குமா?

கணக்குப்பிள்ளை, காலை 10.15

கிணற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் நடமாட்டமில்லாத, காட்டுப்பூனை திரிகிற இடத்தில் தோண்டியதால்தான்.

சொல்லேர், காலை 10.22

அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் எண்ணெய்க்கென்று தோண்டிய முதல் புகழ்பெற்ற கிணறு பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில், 1859இல். வைல்ட்கேட் வங்கி என்ற பேச்சு அதற்கு இருபது வருடம் முன்பே இருக்கிறது. மிச்சிகனில் 1837இல் வங்கிச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். காட்டுக்குள் ஒரு குடிசையைக் காட்டி 'இதுதான் வங்கி' என்று சொல்லி நோட்டு அச்சடித்தவர்கள் உண்டு. நோட்டைத் தங்கமாக மாற்ற வருகிறவன் வழி தெரியாமல் திரும்ப வேண்டும் என்பதே திட்டம். பணத்தை நம்பிக்கை இல்லாத இடத்தில் போடுவது என்ற பொருள் அங்கேயே வந்துவிட்டது. கிணறு பிற்பாடுதான்.

கணக்குப்பிள்ளை, காலை 10.26

வங்கிக்கு ஏன் அந்தப் பெயர்? அதுவும் காட்டுப்பூனை திரிகிற இடம் என்பதால்தானே? நான் சொன்னதுதான் சுற்றி வருகிறது.

அந்திமல்லி, காலை 11.05

மன்னிக்கவும், பஸ்ஸில் இருந்தேன். கதை நடப்பது 1944. வாக்கியம் இதுதான்: 'மேட் சொன்னதும் அவன் வைல்ட்கேட்டை விடுவித்தான்.' கிணறோ வேலைநிறுத்தமோ கதையில் இல்லை. ஆசிரியர் அமெரிக்கர்.

கானகத்தான், காலை 11.11

விடுவித்தான் என்றால் நிச்சயமாக உயிருள்ள விலங்கு. கூண்டிலிருந்து விடுகிறான். ஸ்காட்லாந்தில் 2023இல் கெயின்கார்ம்ஸ் பகுதியில் இப்படித்தான் வளர்த்த பூனைகளைக் காட்டில் விட்டார்கள். வீட்டுப்பூனையோடு கலந்து கலந்து அந்த இனமே கரைந்துவிட்டது, அதை மீட்கத்தான் இந்த முயற்சி. 1944இல் அமெரிக்கன் பிடித்து வைத்திருந்தால் அது பாப்கேட். 'குட்டைவால் காட்டுப்பூனை' என்று போடுங்கள், தவறே வராது.

கணக்குப்பிள்ளை, காலை 11.14

எண்ணெய் வயலில் வேலை முடிந்ததும் தோண்டும் சாதனத்தை அடுத்த இடத்துக்குப் போக விடுவிப்பார்கள். அந்தச் சொல்லே புழக்கத்தில் இருக்கிறது.

ஊர்க்குருவி, காலை 11.16

மேட் யார்? நண்பனா? இதற்கு முந்தைய வரி என்ன? அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

அந்திமல்லி, காலை 11.48

முந்தைய வரி: 'கையில் விளக்கோடு கம்பேனியன் வழியாக மேலே ஓடி வந்தான்.' துணைவனோடு ஓடி வந்தான் என்று போட்டிருந்தேன். மேட்டை நண்பன் என்று போட்டேன், அதை அவர்கள் சுழிக்கவில்லை. எங்கே நிற்கிறார்கள் என்றால், கப்பலில்தான். முழு நாவலும் சரக்குக் கப்பலில்தான் நடக்கிறது. சொல்லவில்லையா?

தருவைக்கடல், பகல் 12.10

தங்கச்சி, முதலிலேயே கப்பல் என்று சொல்லியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். நான் தூத்துக்குடி. 24 வருடம் சரக்குக் கப்பலில் இருந்தேன், கடைசியில் போசனாக, அதாவது தளத்து ஆட்களுக்குத் தலைவனாக.

நங்கூரம் போடும்போது நாங்கள் முன்தளத்தில் நிற்போம். அங்கே விண்ட்லஸ் என்று ஒரு பெரிய இயந்திரம், நங்கூரச் சங்கிலியை இழுக்கவும் விடவும். அதில் சங்கிலி ஏறி வருகிற உருளை ஒன்று உண்டு. ஒவ்வொரு கண்ணியும் அச்சாகப் போய் உட்காருவதற்கு அதில் குழி குழியாக வார்த்திருப்பார்கள். அந்த உருளைக்கு அமெரிக்கக் கப்பலில் வைத்த பெயர்தான் வைல்ட்கேட்.

நங்கூரத்தைத் தூக்கும்போது கிளட்ச் போட்டு உருளையை எஞ்சினோடு சேர்ப்போம். உங்கள் கதை 1944 என்றால் பெரும்பாலும் நீராவி எஞ்சின். போடும்போது கிளட்சை எடுத்துவிடுவோம். அப்புறம் அந்த உருளையைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். 'விடுவித்தான்' என்பது இதுதான், கிளட்சை எடுத்து உருளையைத் தனியாக்கினான். அதற்குப் பிறகு பிரேக் சக்கரத்தை ஒருவன் திருப்பித் தளர்த்துவான். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் சங்கிலி பிய்த்துக்கொண்டு ஓடும். காய்ந்த சேறும் துருவும் தூளாகக் கிளம்பும், பிரேக் பட்டை கருகுகிற வாசனை வரும், காலுக்கடியில் தளம் அதிரும். பக்கத்தில் நிற்கிறவன் காதில் கத்தினாலும் கேட்காது, கையைக் காட்டித்தான் பேச வேண்டும். 15 பாகத்துக்கு, அதாவது 27 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ஷாக்கிள், சங்கிலித் துண்டுகளை இணைக்கிற கண்ணி. அதன் பக்கத்துக் கண்ணிகளில் வெள்ளைச் சாயம் பூசியிருக்கும். அந்தத் தூளுக்குள்ளே வெள்ளையைப் பார்த்துத்தான் எத்தனை ஷாக்கிள் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கம்பேனியன் என்பது மேல்தளத்திலிருந்து கீழே அறைகளுக்கு இறங்குகிற படிக்கட்டு. செங்குத்தாக இருக்கும், ஏணி மாதிரி. அதன் வாயில் இருக்கிற மூடியையும் கம்பேனியன் என்பார்கள். விளக்கோடு அந்தப் படியேறி வந்திருக்கிறான், கூட யாரும் வரவில்லை.

மேட்டையும் மாற்றுங்கள். சரக்குக் கப்பலில் மேட் என்றால் கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரி. நங்கூரம் போடும்போது முன்தளத்தில் நின்று உத்தரவு கொடுப்பது அவர் வேலை. அவரை நண்பன் என்று எழுதினால் அந்தக் கதையில் யாரும் யாருக்கும் பயப்பட மாட்டார்கள்.

ஊர்க்குருவி, பகல் 12.17

அண்ணாச்சி, அருமை. பதிப்பகத்துக்காரர்கள் மூன்றாவதை விட்டுவிட்டார்கள் பாருங்கள்.

சொல்லேர், பகல் 12.30

நான் சந்தேகப்பட்டேன். படிக்கட்டுக்கு வரும் கம்பேனியன் டச்சுக்காரர்கள் வழியாக வந்தது, அவர்களிடம் அது பின்தளத்தின் பெயர். அதற்கும் முன்னால் இத்தாலியில் கப்பலின் உணவுப்பொருள் அறைக்கு அந்தப் பெயர் இருந்தது. ஆங்கில மாலுமி வாயில் அது துணைவனுக்கான சொல்லைப் போலவே ஆகிவிட்டது. மேட் என்பதும் உண்பதிலிருந்து வந்ததுதான், ஜெர்மானிய மொழிகளில் ஒரே உணவைப் பகிர்ந்தவன். ஆங்கிலத்தில் உணவுக்கு இருந்த பழைய 'மீட்' என்ற சொல்லும் அதே குடும்பம்.

தருவைக்கடல், பகல் 12.38

இருக்கலாம் ஐயா. ஆனால் நான் இருந்த கப்பல்களில் மேட் தனி மெஸ்ஸில் சாப்பிட்டார், நாங்கள் தனி மெஸ்ஸில்.

வெண்பாப்பித்தன், பகல் 12.55

'சங்கிலி உருளை' என்று போடாதீர்கள், அது உயிரில்லாத சொல். அமெரிக்க மாலுமி இரும்பைப் பார்த்துக் காட்டுப்பூனை என்று பெயர் வைத்திருக்கிறான். நாமும் வெருகு என்றே போடலாம். குறுந்தொகை 107இல் ஒரு பெண், காதலனோடு இருந்த தூக்கத்தைக் கலைத்த சேவலைச் சபிக்கிறாள்: நள்ளிரவில் வீட்டெலி தேடி வரும் இளம் வெருகுக்கு நீ இரையாகிப் போ என்று. மதுரைக் கண்ணனார் பாட்டு. இத்தனை பழைய சொல் கையில் இருக்கும்போது உருளை எதற்கு? வீணையில் தந்தியைத் தாங்குவதைக் குதிரை என்கிறோமே, கேட்கிறவர்கள் குழம்பினார்களா?

ஊர்க்குருவி, பகல் 1.04

வீணைக் குதிரையை வீணைக்காரர்கள் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகியது. வெருகை எந்தக் கப்பலில் யார் சொல்கிறார்கள்? நாவலில் 'வெருகை விடுவித்தான்' என்று வந்தால் கானகத்தான் மாதிரி எல்லாரும் கூண்டைத் தேடுவார்கள்.

கானகத்தான், பகல் 1.10

நான் கூண்டைத் தேடியதில் தவறில்லை, வாக்கியம் அப்படி இருந்தது. ஆனால் வெண்பாப்பித்தன் சொல்வதில் எனக்கும் விருப்பம் உண்டு. அண்ணாச்சி, அந்த உருளையைப் பார்த்தால் பூனை மாதிரி ஏதாவது இருக்குமா?

தருவைக்கடல், பகல் 1.25

பூனை மாதிரி ஒன்றும் தெரியாது தம்பி. ஆனால் ஒன்று உண்டு. உருளையில் கண்ணியைப் பிடிக்கிற முகடுகளுக்கு வெல்ப்ஸ் என்று பெயர், குட்டிகள் என்றுதான் பொருள். வைல்ட்கேட்டுக்கு மேலே குட்டிகள். கயிறு சுற்றும் கேப்ஸ்டனிலும் அதே பெயர்தான். பழைய கப்பலில் நங்கூரத்தைப் பக்கவாட்டில் தொங்கவிடும் மரத்துக்குக் கேட்ஹெட், பூனைத்தலை என்று பெயர். சங்கிலியைக் கவ்விப் பிடிக்கிற கொக்கிக்குப் பிசாசு நகம் என்று பெயர். கடலில் இருக்கிறவனுக்குப் பேச்சுத் துணைக்கு ஏதாவது வேண்டும். ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் யாரும் இவற்றை மொழிபெயர்த்துப் பார்த்ததில்லை. ஆங்கிலப் பெயரையே சொல்லுவோம்.

சொல்லேர், பகல் 1.33

இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்கிறேன். தொழில் செய்கிறவன் வாயிலிருந்து சொல்லை எடுக்க வேண்டும். வெருகும் வேண்டாம், வைல்ட்கேட்டும் வேண்டாம். முதல் தடவை வரும்போது 'நங்கூரச் சங்கிலி ஏறும் பல்லுருளை', பிறகு 'பல்லுருளை'.

வெண்பாப்பித்தன், பகல் 1.36

பல்லுருளை என்று எந்தத் தொழிலாளி வாயில் கேட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை, பகல் 1.52

கிணற்றுக்கும் வங்கிக்கும் நடுவில் இந்தக் கப்பல் பொருள் எப்போது வந்தது? அதைச் சொன்னால் எங்கள் வழக்கு தீரும்.

அந்திமல்லி, மாலை 5.40

அனைவருக்கும் நன்றி. 'படியேறி ஓடி வந்தான்', 'மேட் உத்தரவிட்டதும் சங்கிலி உருளையின் கிளட்சை எடுத்தான்' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். மேட் வந்த 61 இடங்களையும் பார்த்தேன், 9 இடத்தில் நிஜமாகவே நண்பன்தான். அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம். 214ஆம் பக்கத்தில் 'ஜிப்ஸியைச் சுற்றி மூன்று சுற்று' என்று வருகிறது. அதை நாடோடிப் பெண் என்று போட்டிருக்கிறேன்.

தருவைக்கடல், மாலை 5.52

உடனே எடுத்துவிடுங்கள் தங்கச்சி. அமெரிக்கக் கப்பல் என்றால் ஜிப்ஸி என்பது அதே விண்ட்லஸின் ஓரத்தில் கயிறு சுற்றுகிற உருளை. பிரிட்டிஷ் கப்பல் என்றால் சங்கிலி உருளைக்கே ஜிப்ஸி என்றுதான் பெயர், வைல்ட்கேட் என்று அவர்கள் சொல்வதில்லை. மூன்று சுற்று என்பதால் கயிறாகத்தான் இருக்கும், சங்கிலியை அப்படிச் சுற்ற மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தில் அவர்கள் நிற்பது யாருடைய கப்பலில்?