பூனை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கும் யாங்கீஸ்

161வது_தெரு (அக்டோபர் 31, 2024, காலை 5:40)

தீபாவளியும் அதுவுமா தலையில எண்ணெய் வழிய உட்கார்ந்து இதை டைப் பண்றேன். நேத்து மேட்ச் முடியறப்பவே நள்ளிரவு ஆகப் போகுது. தூங்கினது நாலு மணி நேரம் இருந்தா அதிகம். அம்மா ஊர்லேர்ந்து கூப்பிட்டு, "தலை முழுகிட்டியாடா"ன்னாங்க. முழுகிட்டேம்மா, யாங்கீஸையும் சேர்த்துத்தான்.

பேஸ்பால் உலகத் தொடர், அஞ்சாவது ஆட்டம், நம்ம நியூயார்க் யாங்கீஸ் ஸ்டேடியம். மூணு இன்னிங்ஸ் முடியறப்போ 5-0. ஜட்ஜ், சிஸம், ஸ்டான்டன்னு மூணு ஹோம் ரன். பந்து போடற நம்ம பிட்சர் கெரிட் கோல் நாலு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்கலை. அங்கேர்ந்து 7-6ன்னு தோத்து, தொடரை 4-1ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குத் தாரை வார்த்தாச்சு. கோப்பை கைக்கு வர்ற ஆட்டத்துல அஞ்சு ரன் பின்னாடி இருந்து ஜெயிச்ச டீம் இதுவரைக்கும் கிடையாதாம். அந்தப் பெருமையும் நம்ம கைங்கரியம்.

என் கேள்வி ஒண்ணுதான். 2018லேர்ந்து ஏழு சீசன், ஒரு கோப்பை இல்லை. டீமை நடத்தற மேனேஜர் ஆரன் பூனை இன்னும் எத்தனை வருஷம் மடியில கட்டிக்கிட்டு சகுனம் பார்க்கப் போறாங்க? ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுது. 2025க்கு நீட்டிக்கிறதா வேண்டாமாங்கறது கிளப்போட கையில இருக்கு. நீட்டிக்கக் கூடாது.

எடிசன்_அண்ணாச்சி (காலை 6:25)

தம்பி, முதல்ல போய்க் குளிச்சுட்டு வாங்க. எண்ணெய் சூட்டுல பேசறீங்க.

நேத்து அஞ்சாவது இன்னிங்ஸ்ல நடந்ததுல பூன் எதைத் தடுத்திருக்க முடியும்னு சொல்லுங்க. டாட்ஜர்ஸோட எட்மன் அடிச்சது நேரா ஜட்ஜ் கைக்கு வந்த பந்து. முந்தின இன்னிங்ஸ்லதான் ஃப்ரீமன் அடிச்சதைச் சுவத்துல மோதிப் பிடிச்ச மனுஷன், பத்து வயசுப் பையன் பிடிக்கிறதைக் கீழே போட்டார். அடுத்தது வோல்பி, மூணாவது பேஸுக்கு எறிஞ்சது தரையில குத்திப் போச்சு. பேஸ் மூணும் நிரம்பிடுச்சு, அவுட் ஒண்ணுகூட இல்லை. அப்பவும் கோல் லக்ஸையும் ஓட்டானியையும் ஸ்ட்ரைக் அவுட் பண்ணினார். உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு எனக்கு. அடுத்து பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் உருட்டினார். ரிஸ்ஸோ பந்தை எடுத்தார், கோல் பேஸுக்கு ஓடலை. நின்ன இடத்துலேர்ந்து கையைக் காட்டினார்.

9 வருஷத்துக்கு 360 மில்லியன் டாலர் வாங்கற கேப்டன் கேட்சை விட்டா, அதுக்கு மேனேஜர் தலையை வாங்கணுமா?

டெக்ஸஸ்_புதுசு (காலை 6:50)

கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்த ஆள். பேஸ்பால் இந்த வருஷம்தான். பந்தைப் பிடிச்சது ரிஸ்ஸோ. அப்ப பிட்சர் எதுக்கு ஓடணும்?

சாஃப்ட்பால்_அக்கா (காலை 7:05)

தம்பி, பந்து வலது பக்கம் உருண்டா ரிஸ்ஸோ பேஸை விட்டு வெளியே வந்து எடுக்கணும். அப்ப அந்த பேஸ் காலி. அதனால பந்து அந்தப் பக்கம் போறது தெரிஞ்ச நொடியே பிட்சர் யோசிக்காம முதல் பேஸுக்கு ஓடணும். பந்து கைக்கு வந்தப்போ ஒரு கால் பேஸ்ல இருந்தாப் போதும், அவுட். நான் ஞாயித்துக்கிழமை பார்க்ல பயிற்சி கொடுக்கற பொண்ணுங்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கறது இது. யாங்கீஸ் பிட்சர்களும் வருஷா வருஷம் பிப்ரவரியில டாம்பா போய் இதைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க.

பெட்ஸ் அங்கே அவுட்டாகியிருந்தா இன்னிங்ஸ் முடிஞ்சது, டாட்ஜர்ஸுக்கு ஒரு ரன்கூடக் கிடையாது. அவர் தப்பிச்சதுல ஒரு ரன், அப்புறம் ஃப்ரீமன் வந்து ரெண்டு ரன், டியாஸ்கர் ஹெர்னாண்டஸ் ரெண்டு ரன். மொத்தம் அஞ்சு. அஞ்சுமே பிட்சர் கணக்குல சேராத ரன். அதாவது ஃபீல்டிங் கோட்டைவிட்டதுன்னு ஸ்கோர்புக்கே எழுதி வெச்சிருக்கு.

161வது_தெரு (காலை 7:30)

குளிச்சாச்சு அண்ணாச்சி. கோபம் குறையலை.

நேத்து ஆட்டத்தை ஒரு நிமிஷம் ஓரமா வைங்க. முதல் ஆட்டத்துக்கு வாங்க. தொடர் அங்கேயே போச்சு. கோல் 88 பந்துதான் போட்டிருந்தார், ஏழாவது இன்னிங்ஸ்ல ஒரு சிங்கிள் விழுந்ததும் கழட்டியாச்சு. சரி, போகட்டும். பத்தாவது இன்னிங்ஸ், நாம 3-2 முன்னாடி, ரெண்டு பேர் பேஸ்ல, ஓட்டானி வர்றார். மாத்து பிட்சருங்க காத்திருக்கற புல்பென்ல ரெண்டு இடதுகைக்காரங்க தயாரா இருக்காங்க. டிம் ஹில் அக்டோபர் பூரா போட்டுக்கிட்டிருக்கிறவர். நெஸ்டர் கோர்டெஸ் கை வலின்னு செப்டம்பர் 18க்கு அப்புறம் ஒரு மேட்ச்லகூடப் பந்தைத் தொடாதவர். பூன் யாரைக் கூப்பிட்டார்? நெஸ்டரை!

மொத்தம் ரெண்டே பந்து. ரெண்டாவது பந்துல ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூணும் நிரம்பியிருக்கறப்போ ஹோம் ரன், நாலு ரன்), ஆட்டம் முடிஞ்சது, 6-3. உலகத் தொடர் வரலாத்துலேயே ஆட்டத்தை முடிச்சு வெச்ச முதல் கிராண்ட் ஸ்லாம். இதுக்கும் ஜட்ஜ்தான் காரணமா?

எடிசன்_அண்ணாச்சி (காலை 7:50)

ரெண்டு பந்துங்கறீங்களே, முதல் பந்துல என்ன ஆச்சுன்னு சொல்லலையே? ஓட்டானி அவுட்! எதுக்குக் கூப்பிட்டாரோ அந்த வேலையை நெஸ்டர் முடிச்சார். வெர்டூகோ கேட்ச் பிடிச்ச வேகத்துல தடுப்பைத் தாண்டி ரசிகர்கள் மேல விழுந்ததால விதிப்படி ரெண்டு ரன்னரும் ஒரு பேஸ் முன்னேறினாங்க. முதல் பேஸ் காலியானதால பெட்ஸை வேணும்னே முதல் பேஸுக்கு அனுப்பி வெச்சு, இடதுகை ஃப்ரீமனுக்கு இடதுகை நெஸ்டர். எந்த மேனேஜரும் பண்றதுதான். கணுக்கால் சுளுக்கோட நொண்டிக்கிட்டு ஆடற மனுஷன் முதல் நாலு ஆட்டத்துலயும் ஹோம் ரன் அடிப்பார்னு யாருக்குத் தெரியும்?

அதே ஆட்டத்துல எட்டாவது இன்னிங்ஸ் ஞாபகம் இருக்கா? சோட்டோ எறிஞ்சதை க்ளைபர் டாரஸ் தவற விட்டு, ஓட்டானி மூணாவது பேஸுக்குப் போனதாலதான் ஸ்கோர் சமமாச்சு. அது இல்லேன்னா பத்தாவது இன்னிங்ஸே வந்திருக்காது. நீங்க எந்த நூலைப் பிடிச்சு இழுத்தாலும் ஆட்டக்காரன் கையிலதான் வந்து நிக்கும்.

குயீன்ஸ்_மெட்ஸ்காரி (காலை 8:10)

பாப்கார்ன் எடுத்துட்டு வந்து உட்கார்ந்துட்டேன். மன்னிக்கணும், இன்னிக்கு முறுக்கு. நடத்துங்க.

(எங்க மெட்ஸ் டீமையும் இதே டாட்ஜர்ஸ்தான் தோக்கடிச்சு அனுப்பி வெச்சாங்க. ஆனா நாங்க தோத்தோம், நீங்க தூக்கிக் கொடுத்தீங்க.)

சாஃப்ட்பால்_அக்கா (காலை 8:40)

அண்ணாச்சி, நீங்க சொல்றதை வெச்சே உங்களைக் கேக்கறேன். ஒரு ஆள் ஒரு நாள் தப்புப் பண்ணினா அது அந்த ஆளோட தப்பு. டாரஸ், ஜட்ஜ், வோல்பி, கோல், கடைசியில எட்டாவது இன்னிங்ஸ்ல ஓட்டானி மட்டையில கையுறையை இடிச்ச கேட்சர் வெல்ஸ்னு ஒரே தொடர்ல ஆளாளுக்கு அடிப்படையில சறுக்கினா, அது யார் வீட்டுப் பழக்கம்? மூணாவது ஆட்டத்துல ஸ்டான்டனை ஹோமுக்கு ஓட விட்டு அவுட்டாக்கினாங்களே, அந்த மனுஷன் ஓடற வேகம் ஊருக்கே தெரியுமே. கை காட்டினது கோச். கோச் யாரோட ஆள்?

அதே சமயம் 161, நீங்க நெஸ்டரையே பிடிச்சுத் தொங்காதீங்க. அது ஒரு சூதாட்டம், பத்துக்கு நாலு தடவை பலிக்கும். என் வருத்தம் வேற. நேத்து எட்டாவது இன்னிங்ஸ்ல டாட்ஜர்ஸ் பிட்சர் ட்ரைனன் களைச்சுப் போயிருந்தார். ரெண்டு பேர் பேஸ்ல. அவங்க மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் நடந்து போய் அவர் நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சு, கண்ணைப் பார்த்து என்னவோ பேசினார். அப்புறம் திரும்பி வந்துட்டார், பிட்சரை மாத்தலை. ஸ்டான்டன் அவுட், ரிஸ்ஸோ அவுட். ஒன்பதாவதுக்கு, ரெண்டு நாள் முன்னாடி மூணாவது ஆட்டத்தைத் தொடங்கின வாக்கர் பூலரையே கொண்டு வந்து கதையை முடிச்சார். தாள்ல இருக்கறதை மட்டும் பார்க்காம எதிர்ல நிக்கிற ஆளைப் பார்த்து எடுத்த முடிவு அது. நம்ம டீம் உட்கார்ற டக்அவுட்ல அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

பழைய_பாஸ்டன் (காலை 9:15)

வேண்டாம்னுதான் இருந்தேன், முடியலை. ரெட் சாக்ஸ் ரசிகன். 2003 அக்டோபர் 16, உங்களோட மோதின அமெரிக்கன் லீக் இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். நாங்க 5-2 முன்னாடி. களைச்சுப் போன பெட்ரோ மார்ட்டினஸ்கிட்டப் போய்ப் பேசிட்டு, மாத்தாம திரும்பி வந்தார் எங்க மேனேஜர் க்ரேடி லிட்டில். எதிர்ல நிக்கிற ஆளைப் பார்த்து எடுத்த முடிவுதான் அக்கா அதுவும். 5-5 ஆச்சு. பதினோராவது இன்னிங்ஸ்ல எங்க தலையில கல்லைப் போட்டு ஹோம் ரன் அடிச்ச புண்ணியவான் யார்? உங்க ஆரன் பூன்! லிட்டிலுக்கும் கிளப் கையிலதான் நீட்டிப்பு இருந்தது. கொடுக்கலை, அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷமே 86 வருஷக் கனவு பலிச்சது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, பூனை வெச்சுக்கோங்க. தயவுசெஞ்சு வெச்சுக்கோங்க.

161வது_தெரு (காலை 9:40)

பாஸ்டன் சார், பண்டிகை நாள்ல இது நியாயமா?

ஆனா அக்கா சொன்னதுல ஒண்ணு உறைக்குது. நெஸ்டரை மூணு நாளா மென்னுக்கிட்டிருக்கேன். நேத்து கோல் கையைக் காட்டிக்கிட்டு நின்னப்போதான் எனக்கு வயிறு எரிஞ்சது, அங்கே பூன் முகம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அண்ணாச்சிக்கு அந்த அளவுக்கு ஒத்துக்கறேன்.

எடிசன்_அண்ணாச்சி (காலை 10:05)

நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். எட்டாவது இன்னிங்ஸ்ல நாம 6-5 முன்னாடி. நம்ம பிட்சர் கான்லி முதல் ரெண்டு பேருக்கும் சிங்கிள் கொடுத்தப்பவே அடுத்த பிட்சர் வீவரைக் கூப்பிட்டிருக்கணும். கான்லி நாலு பந்துல வாக் (அடிக்காமலே முதல் பேஸ்) கொடுத்து பேஸ் நிரம்பற வரைக்கும் பூன் காத்திருந்தார். அப்புறம் ரெண்டு சாக்ரிஃபைஸ் ஃப்ளை (அடிச்சவர் கேட்சாகி அவுட், ஆனா பேஸ்ல இருக்கறவர் ஓடி ரன் எடுக்கறது), ஆட்டமே போச்சு. அது பூன் கணக்கு.

ஆனாலும் பூன் போனா தீந்துச்சுன்னு நினைக்காதீங்க. வோல்பி எறிஞ்ச பந்து யார்கிட்ட போச்சு? சிஸம்கிட்ட. ஜூலையில மயாமிலேர்ந்து வந்த பிறகுதான் அவர் மூணாவது பேஸே ஆட ஆரம்பிச்சார். அந்த இடத்துக்குப் பழகின ஆளைக் கொண்டு வராதது யார்? 1998லேர்ந்து ஜெனரல் மேனேஜர் நாற்காலியில இருக்கற கேஷ்மன். பூனைக்கு மணி கட்டணும்னா மணி அவர் கையிலதான் இருக்கு. அவர் கட்ட மாட்டார். நவம்பர்ல பாருங்க, 2025க்கும் இதே முகம்தான்.

சாஃப்ட்பால்_அக்கா (காலை 10:20)

எனக்கும் அப்படித்தான் படுது. சரி, நியூஜெர்சி பக்கம் இருக்கறவங்க சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. தீபாவளி லேகியம் கிளறி வெச்சிருக்கேன். நேத்து ஆட்டம் செரிக்காதவங்க ரெண்டு உருண்டையா எடுத்துக்கலாம்.

குயீன்ஸ்_மெட்ஸ்காரி (காலை 10:24)

சோட்டோவுக்கும் ஒரு உருண்டை எடுத்து வைங்க அக்கா. ஒப்பந்தம் முடிஞ்சுது, எங்க வீட்டுப் பக்கம் வர்ற மாதிரி இருக்கு.

161வது_தெரு (காலை 10:25)

இவங்களை யாராவது பிளாக் பண்ணுங்கப்பா.