கிரெனடாக்காரர்களிடம் 1983 பற்றிப் பேச்சுக் கொடுத்தவர்கள் உண்டா?

நான் பயணிகள் கப்பலில் சமையல் பிரிவில் இருந்தவன். கரீபியன் தீவான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் கப்பல் நிற்கும் நாளில் ஓய்வு கிடைத்தால், துறைமுகத்துக்கு மேலே இருக்கும் ஜார்ஜ் கோட்டைக்கு ஏறிவிடுவேன். உள்முற்றத்தில் கூடைப்பந்து வளையம் ஒன்று, பக்கத்துச் சுவரில் பெயர்கள் பொறித்த பலகை. 1983 அக்டோபர் 19 அன்று பிரதமர் மாரிஸ் பிஷப்பையும் இன்னும் ஏழு பேரையும் அங்கேதான் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டது வெளிநாட்டுக்காரன் இல்லை, 1979 மார்ச்சில் எரிக் கெய்ரியின் ஆட்சியைக் கவிழ்த்த அதே புரட்சியின் ராணுவம். கட்சிக்குள் பிஷப்புக்கும் துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டுக்கும் முட்டிக்கொண்டது அங்கே வந்து முடிந்தது.

ஒரு முறை என்னைக் கூட்டிப்போன டாக்ஸிக்காரர் அன்று பள்ளி மாணவராம். வீட்டுக்காவலில் இருந்த பிஷப்பை ஜனங்களே போய் மீட்ட கூட்டத்தில் அவரும் ஓடியிருக்கிறார். "சந்தைத் திடலில் ஊரே காத்துக்கொண்டிருந்தது. நேராக அங்கே வந்திருந்தால் அவர் மேல் யார் கை வைத்திருப்பார்கள்? கோட்டைக்கு ஏன் ஏறினார்?" என்று என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்! கவச வண்டிகள் வந்து சுட ஆரம்பித்ததும் கோட்டை மதிலிலிருந்து குதித்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்புறம் நான்கு நாள் ஊரடங்கு, வெளியே தலை காட்டினால் சுடுவோம் என்று வானொலியில் அறிவிப்பு. 25ஆம் தேதி அமெரிக்கா படையெடுத்தது. விடியும்போது அவர்களுடைய ஹெலிகாப்டர்களைப் பார்த்ததும் அவருடைய அம்மா மண்டியிட்டு ஜெபம் செய்தாராம். அதே அம்மா வீட்டுக் கூடத்தில் இன்றும் பிஷப்பின் படம்தான் மாட்டியிருக்கிறது.

*

மேலே சொன்னது அப்படியே உண்மை. நான் அங்கே மருத்துவம் படித்தேன், ட்ரூ ப்ளூ வளாகத்தில். அமெரிக்க அதிபர் ரேகன் படையெடுப்புக்குச் சொன்ன முக்கியக் காரணமே எங்கள் கல்லூரியின் அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்றுவதுதான். ஆனால் அமெரிக்கப் படைக்கு கிராண்ட் ஆன்ஸில் இன்னொரு வளாகம் இருப்பதே, படை வந்து இறங்கி இங்கே இருந்த மாணவர்கள் சொன்ன பிறகுதான் தெரியவந்தது. மறுநாள் ஹெலிகாப்டரில் போய் அழைத்து வந்தார்கள். ஒழுங்கான ராணுவ வரைபடம் இல்லாமல் சுற்றுலா வரைபடத்தை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். ரிச்மண்ட் ஹில்லில் மனநல மருத்துவமனை மீது குண்டு விழுந்து நோயாளிகள் செத்ததை ஊரில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

விமான நிலையக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாயின்ட் சலீன்ஸில் கியூபத் தொழிலாளர்கள் 9,000 அடி ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது சோவியத் போர் விமானங்களுக்கு என்றது வாஷிங்டன், சுற்றுலாப் பயணிகளுக்கு என்றார் பிஷப். கடைசியில் அமெரிக்கப் பணத்திலேயே வேலை முடிந்து 1984இல் திறந்தார்கள். 2009இல் அதற்கு பிஷப் பெயரையே வைத்தாயிற்று. விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவேன்.

நேரம் இருந்தால் கிழக்குக் கரையில் பழைய பேர்ல்ஸ் விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் கால அன்டனோவ் விமானங்கள் இரண்டு துருப்பிடித்துப் புதருக்குள் கிடக்கின்றன, இறக்கைக்குக் கீழே ஆடு கட்டியிருப்பார்கள்.

*

நான் டிரினிடாட்டில் வேலை பார்த்தபோது என் வீட்டுக்காரம்மா கிரெனடாவிலிருந்து வந்தவர். டிரினிடாட் அரசு அன்று படையெடுப்பில் சேரவில்லை, டொமினிக்காவின் பிரதமர் யூஜினியா சார்ல்ஸோ ரேகன் பக்கத்திலேயே நின்று அறிவித்தார். அடுத்த மாதம் டெல்லியில் நடந்த காமன்வெல்த் மாநாட்டிலும் இதே சண்டைதான். அந்தம்மாவுக்கு இந்த அரசியல் எதுவும் பொருட்டில்லை. "உடல்களை எங்கே போட்டார்கள்? அதைச் சொல்லச் சொல்லு" என்பார். பிஷப்பின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கோர்டும் மற்றவர்களும் தூக்குத் தண்டனை குறைந்து, 2009க்குள் எல்லோரும் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். கோர்டின் பெயரைச் சொன்னாலே அந்தம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அக்டோபரில் போகிறவர்கள் கவனிக்கவும்: அமெரிக்கர்கள் வந்த 25ஆம் தேதி அங்கே நன்றி தெரிவிக்கும் நாள், அரசு விடுமுறை. 2023 முதல் 19ஆம் தேதியும் தேசிய வீரர்கள் நாள் என்று விடுமுறை. அந்த வாரத்தில் வங்கி வேலை இருந்தால் முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள்.