கணக்கெடுப்பாளருக்கு உதவ மறுத்தால் ஜெயிலா, ஆயிரம் ரூபாயா?

சங்கச் செயலாளர்:
40 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. போன வாரம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வந்தபோது, வெளியாட்களை விடக்கூடாது என்ற சங்கத் தீர்மானத்தைச் சொல்லி வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் எப்படியோ உள்ளே வந்து வாசல் சுவர்களில் எண் எழுதிவிட்டுப் போனார். புது பெயின்ட் என்று ஒருவர் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டார். இன்று எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது: கூடவே போய் வீடுகளைக் காட்டி உதவ வேண்டுமாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "ஆயிரம் ரூபாய்தான், கட்டிவிட்டால் போச்சு" என்கிறார். இன்னொருவர் "மூன்று வருஷம் உள்ளே" என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய கணக்கெடுப்பாளர்:
2011இல் இந்த வேலை பார்த்தவன் நான். எத்தனை கேட்டில் நின்றிருப்பேன்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் அவர்கள் பேசுவது இரண்டு வேறு குற்றங்களைப் பற்றி.

1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தில் தண்டனையைச் சொல்வது 11ஆம் பிரிவு. பதில் சொல்ல மறுப்பது, தெரிந்தே பொய் சொல்வது, நியாயமான அளவுக்குக்கூட உள்ளே விடாமல் இருப்பது, எழுதிய எண்ணை அழிப்பது, எல்லாவற்றுக்கும் அபராதம் மட்டும்தான், அதிகபட்சம் 1,000 ரூபாய். உங்கள் பெயின்ட்காரர் இதில் வருகிறார். ஆனால் கணக்கெடுப்பில் உதவும்படி சட்டப்படி பணிக்கப்பட்ட ஒருவர் மறுத்தாலோ அசட்டையாக இருந்தாலோ, அபராதத்தோடு 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. கடிதத்தில் கையெழுத்து யாருடையது? எந்தப் பிரிவு போட்டிருக்கிறது?

சங்கச் செயலாளர்:
மாவட்ட ஆட்சியரின் ஆணை. 7ஆம் பிரிவு என்று இருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது.

பழைய கணக்கெடுப்பாளர்:
அப்படியானால் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். நிலத்தின் உரிமையாளர், அனுபவதாரர் (அதைக் கையில் வைத்துப் பயன்படுத்துபவர்), நிறுவன ஊழியர் போன்றவர்களை எழுத்து மூலம் உதவிக்கு அழைக்க அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆணை வந்தவர் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும். அந்த வேலை செய்யும்வரை அவரும் பொது ஊழியராகவே கருதப்படுவார். சங்கச் செயலாளர் அந்தப் பட்டியலில் வருவாரா என்று வக்கீல் வைத்து வாதாடலாம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட நடந்து வீடுகளைக் காட்டுவது அதைவிட எளிது.

சட்டம் படித்தவள்:
பயப்படவும் வேண்டாம் சார். 12ஆம் பிரிவின்படி மாநில அரசின், அல்லது அரசு அதிகாரம் கொடுத்தவரின், முன் அனுமதி இல்லாமல் வழக்கே தொடர முடியாது. கணக்கெடுப்பாளர் நினைத்தவுடன் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பிவிட முடியாது. கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. வேண்டுமென்றே தகாத கேள்வி கேட்டாலோ, சொன்னதை அனுமதியின்றி வெளியே விட்டாலோ அவருக்கும் அதே 3 ஆண்டு வரைதான். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள், தப்பில்லை.

சங்கச் செயலாளர்:
இன்னும் இரண்டு சிக்கல். வீட்டை வாடகைக்கு விட்ட ஒருவர், வரிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று "பூட்டிய வீடு எனச் சொல்லுங்கள்" என்கிறார். இரண்டாம் மாடிப் பாட்டியோ, தாத்தா பெயரைக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவேன் என்கிறார்.

சட்டம் படித்தவள்:
பாட்டி ஜெயித்துவிட்டார். கணவர் பெயரையோ, வழக்கப்படி சொல்லக்கூடாத வேறு பெயரையோ சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. 8ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். வாடகைக்கு விட்டவர் விஷயத்தில் பொய்க்குத் துணை போகாதீர்கள், உங்கள் கையில் ஆணை இருக்கிறது. 15ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்புப் பதிவேட்டைப் பார்க்க வெளியார் யாருக்கும் உரிமை இல்லை. இந்தச் சட்டத்தின்கீழ் வரும் வழக்கைத் தவிர வேறு வழக்கில் அது சாட்சியமாகவும் எடுபடாது. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சங்கச் செயலாளர்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. மூன்று மாடி முடிந்தது. எண்ணைத் துடைத்தவரே கணக்கெடுப்பாளரைக் கூட்டிக்கொண்டு சுற்றினார், அவருக்கு ஆயிரம் ரூபாய்க் கவலை. வாடகைக்கு விட்டவர் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார், ஆனால் குடியிருப்பவர்களே கதவைத் திறந்து எல்லாம் சொல்லிவிட்டார்கள். பாட்டி கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. பேத்தி சொன்னாள்.