புதுப்பிப்பு: மாகடி ரோட்டில் புரசு பூத்திருக்கிறது

பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரத்தில், ரோட்டோரக் காட்டுப்பூக்களைப் படமெடுக்க எங்கே போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாகடிக்குப் பக்கத்தில் இருக்கும் சாவனதுர்கா மலைப் பக்கம் போகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஞாயிறு விடிகாலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மாகடி ரோட்டில் கிளம்பினேன்.

தாவரெகெரே தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதல் புரச மரம். ஒரு இலைகூட இல்லை. கிளை முழுக்கக் கிளிமூக்கு மாதிரி வளைந்த செம்மஞ்சள் பூ. கன்னடத்தில் இதை முத்துக என்பார்கள். தேன்சிட்டும் மைனாவும் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தன. அப்பா 40 வருஷம் புரசைவாக்கத்தில் இருந்தவர். ஊருக்குப் பெயர் தந்த மரம் பூத்து இப்போதுதான் பார்க்கிறாராம். அரை மணி நேரம் அதன் அடியிலேயே நின்றார், நானும் அவசரப்படுத்தவில்லை.

படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: வெயில் ஏறினால் இந்த நிறம் கேமராவில் வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகிறது, இதழின் வரிகளே தெரிவதில்லை. 8 மணிக்கு முன்னால், எக்ஸ்போஷரை (கேமரா பதிவுசெய்யும் வெளிச்சத்தின் அளவை) கொஞ்சம் குறைத்து எடுத்தவைதான் தேறின.

வழியெல்லாம் உண்ணிச்செடியும் பூத்திருந்தது. அழகுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து நம் காட்டுச் செடிகளை நெருக்கித் தள்ளுவதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொன்றை பூத்துவிட்டதா என்று கேட்டவருக்கு: மொட்டுகூட இன்னும் இல்லை. ஏப்ரலில் இதே வழியில் மறுபடி போவதாக இருக்கிறோம்.