பிளானிங் அப்ளிகேஷன்ல பல்லுயிர் கணக்கு (இங்கிலாந்து): உங்க அனுபவத்தைப் பகிருங்க

கென்ட் பக்கம் கால் ஹெக்டேர் நிலம் வாங்கியிருந்தோம், ரெண்டு வீடு கட்டி விக்கலாம்னு. நிலம் பூரா பிளாக்பெரி முள்ளு, ஆள் உயரத்துக்கு. சைட் பார்க்க வர்றவங்களுக்குப் பளிச்சுனு தெரியட்டும்னு 2024 பிப்ரவரியில டிக்கர் விட்டு ரெண்டே நாள்ல மொத்தத்தையும் வழிச்சுட்டோம், அதுதான் நான் பண்ண தப்பு, இன்னொருத்தர் பண்ணிடக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

கட்டடம் கட்டறவங்க அந்த நிலத்துல முன்னாடி இருந்த செடி, புதரோட இயற்கை மதிப்பைவிட 10% கூட்டிக் காட்டணும்னு (பயோடைவர்சிட்டி நெட் கெயின்) சின்ன சைட்டுக்கும் ஏப்ரல் 2லேர்ந்து சட்டம் வந்துடுச்சு, நாங்க மே மாசம் அப்ளிகேஷன் போட்டோம். அதுக்கு முன்னாடி நிலத்துல என்ன செடி, புதர் இருக்குன்னு சர்வே பண்ற எக்காலஜிஸ்ட் ஒருத்தங்க வந்தாங்க. ஒரு மீட்டர் சதுர ஃபிரேமைப் புல்லு மேல போட்டு, முட்டி போட்டு உக்காந்து, உள்ள எத்தனை வகைச் செடின்னு விரலால விலக்கி விலக்கி எண்ணினாங்க. ஓரத்துல கெடந்த முள்ளு வேரைப் பார்த்ததும் நிமிர்ந்து "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. அப்புறம் பழைய சாட்டிலைட் படத்தைத் திறந்தாங்க, முழுக்கக் கரும்பச்சை. 2020 ஜனவரி 30க்கு அப்புறம் பர்மிஷன் இல்லாம அழிச்சிருந்தா, அழிக்கறதுக்கு முந்தின நெலமையத்தான் கணக்குல எடுப்பாங்க. ஆக இப்ப இல்லாத முள்ளுக்கும் சேர்த்து 10% கூடுதலா காட்டணும், அதை 30 வருஷம் பராமரிக்கணும்.

சரி, ஓரமா ஹெட்ஜ் (செடி வேலி) நட்டு ஈடுகட்டிடலாம்னு பார்த்தா ஹெட்ஜ் கணக்கு தனி, நிலக் கணக்கு தனி, அதை இதுல கழிக்க முடியாது. புல்லுத்தரையும் செல்லாது, புதருக்குப் புதர், இல்லன்னா அதைவிட ஒசத்தியானது. வீட்டுத் தோட்டத்துக்குள்ள என்ன நட்டாலும் வாங்கறவங்க நாளைக்கே பிடுங்கிப் போடலாம்ங்கறதால மதிப்பு கம்மிதான். கடைசியில பின்பக்கம் ஒரு பட்டை நிலத்தைத் தோட்டத்துல சேர்க்காம புதருக்கே விட்டோம், மீதி யூனிட்டை (இந்த இயற்கை மதிப்பை யூனிட்டாத்தான் அளப்பாங்க) அதே கவுன்சில் எல்லைக்குள்ள ஒரு விவசாயிகிட்ட வாங்கினோம். யூனிட் கெடைக்கலன்னா அரசாங்கத்துகிட்ட வாங்கற கிரெடிட் 2024ல ஆரம்பமே 42,000 பவுண்டு, அதுலயும் ஒரு யூனிட்டுக்கு ரெண்டு கிரெடிட் வாங்கணும். தயவுசெஞ்சு சர்வே முடியற வரைக்கும் நிலத்துல கை வைக்காதீங்க.

*

வீட்டுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் போடறவங்க இதைப் படிச்சுட்டுப் பயந்துடாதீங்க, ஹவுஸ்ஹோல்டர் அப்ளிகேஷனுக்கு இது கெடையாது. போன வருஷம் நாங்க போட்டப்ப ஃபார்ம்ல விலக்குன்னு காரணம் எழுதிக் கொடுத்தோம், வேற எதுவும் கேக்கல.

*

அண்ணா, நீங்க அந்தப் பட்டையை விட்டதுக்கு ரொம்ப நன்றி. நான் இருக்கறது புது எஸ்டேட். பிளான்ல வரிசையா மரம் போட்டிருந்தாங்க, நட்டும் கொடுத்தாங்க, முதல் கோடையிலயே பாதி காஞ்சுடுச்சு, பிளாஸ்டிக் குழாய்க்குள்ள வெறும் குச்சிதான் நிக்குது. 30 வருஷம் பராமரிக்கணும்னு சட்டம் இருக்கேன்னு கவுன்சிலுக்கு எழுதினேன், எங்க அப்ளிகேஷன் போட்டது 2023ல, பெரிய சைட்டுக்குச் சட்டம் வந்தது 2024 பிப்ரவரி 12ல, அதனால எங்களுக்குப் பொருந்தாதுன்னு பதில். மனசு கேக்கல. பக்கத்து வீட்டுக்காரங்களும் நானும் சாயங்காலம் ஆளுக்கு ரெண்டு கேன் தண்ணி ஊத்தறோம், ஏழு கண்ணு துளிர்த்திருக்கு.